ஐந்நூறு மடங்கு சாய்ந்த வீடு

1

நான் பெர்த் நகரத்துக்கு வந்து நேற்றோடு ஐந்து வருடம் முடிந்தது. லீப் வருடத்தின் ஒரு நாளையும் சேர்த்தால் ஆயிரத்து எண்ணூற்று இருபத்தாறு நாள். மகள் ஹெலன் வேலை முடிந்து வரும்போது சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்தாள். எட்டுத் துண்டு போட்டோம். மகள், மருமகன், பேத்தி, நான் என்று வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு இரண்டு. என்னுடைய இரண்டும் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன. சாப்பிடும் நிலையில் நேற்று நான் இல்லை. காரணம், நசரத்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டின் மேற்குச் சுவர்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அளவுச் சோதனை அறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தேன். மற்றவர்கள் பொருளை அளப்பார்கள். அவர்கள் அளக்கும் கருவி சரியா என்று அளப்பது என் வேலை. எந்த விகிதத்தில் வரைந்தது என்று மூலையில் எழுதாத வரைபடம் என் மேசைக்கு வந்தால் தொடமாட்டேன், அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஸ்கேல் சாமுவேல்' என்று பெயர். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தப் பெயரை இங்கே எழுதிவைக்கக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

எண்ணும் பழக்கம் வேலையை விட்ட பிறகும் விடவில்லை. இங்கே எங்கள் வாசலிலிருந்து பஸ் நிற்குமிடம் நானூற்றுப் பன்னிரண்டு அடி எடுத்துவைக்கும் தூரம். தெருவில் இருபத்து மூன்று வீடுகள். ஐந்து வருடத்தில் மூன்று வீட்டுக்காரர்களின் பெயர் தெரியும், அதில் ஒருவர் போய்விட்டார். பேத்தி மியாவுக்குப் பன்னிரண்டு வயது. நான் வந்த வருடம் அவளிடம் முப்பதுக்கு மேல் தமிழ்ச் சொற்கள் புழக்கத்தில் இருந்தன. இப்போது பதினொன்று. அதில் 'தாத்தா' ஒன்று, 'போதும்' ஒன்று.

2

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் நான்காவது வீடு எங்களுடையது. அப்பா கட்டியது. முன்பக்கத்தில் என் அக்கா கிரேஸ் இருக்கிறாள். எழுபத்தாறு வயது. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும். அதில் ஷேர் ஆட்டோ ஓட்டும் முருகேசன், மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒன்பது வருடமாகக் குடியிருந்தான். அக்காவுக்கு எதுவென்றாலும் முதலில் எட்டிப் பார்ப்பவன் அவன்தான். அவன் அங்கே இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே விமானம் ஏறினேன்.

போன வருடம் மேற்குப் பக்கத்துக் காலிமனையில் யாரோ கட்டடம் கட்டுவதற்காகப் பள்ளம் தோண்டினார்கள். முருகேசன் கயிறு விட்டுப் பார்த்துப் பதினான்கு அடி என்றான். தோண்டியதோடு வேலை நின்றுபோனது. பள்ளத்தின் விளிம்புக்கும் எங்கள் சுவருக்கும் இடையே ஒன்பது அடி. சில வாரத்தில் ஜன்னலின் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் கிளம்பியது. அக்கா இதை எனக்குச் சொன்னது, சபைக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார் என்ற செய்திக்கும் முருங்கைமரத்தில் கம்பளிப்பூச்சி என்ற செய்திக்கும் நடுவில்.

"எவ்வளவு அகலம்?" என்று கேட்டேன்.

"விரிசல் அகலம்."

"விரல் போகுமா, பேனா முனை போகுமா, சரியாப் பாத்துச் சொல்லு."

"டேய் சாமு, அதுல எறும்பு போவுது. போதுமா? போயி சாப்புடு."

அன்றிலிருந்து தினமும் கேட்டேன். விசிட்டிங் கார்டைச் செருகிப் பார், இரண்டு கார்டு போகிறதா பார் என்றேன். ஒரு நாள் செருகினாள். மறுநாள், அந்தக் கார்டு பல் டாக்டருடையது, அது தனக்கு வேண்டும் என்று எடுத்துவிட்டாள்.

நேரில் போய்ப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் இருப்பது இடைக்கால விசாவில். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பது. வரிசை நகர்வதில்லை. தனியாகப் பயண அனுமதி வாங்காமல் ஊருக்குப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அந்த அனுமதிக்கு ஒரு படிவம் உண்டு. போகவேண்டிய காரணம் என்ன, ஆதாரம் என்ன என்று கேட்கிறது. குடும்பத்தில் யாருக்காவது உடல்நிலை மோசமா என்று ஒரு கேள்வி. சுவருக்கு உடல்நிலை மோசம் என்று எழுத அதில் இடம் இல்லை. அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து, நம் ஊர் வழக்கப்படி ஆங்கிலத்தில் "எனக்கு ஒரு டவுட் இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். சந்தேகம் கேட்கிறேன் என்று நாம் சொல்வதை அவர்கள் மனசில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெண் மிகவும் கனிவாக, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

3

ஹெலனுக்குச் சுரங்கத்தில் வேலை. உள்ளே இறங்கும் வேலையல்ல. இங்கிருந்து வடக்கே வெகுதூரத்தில், பூமியைத் திறந்து வெட்டும் பெரிய சுரங்கங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளங்களின் பக்கச்சுவர் சரிந்தால் கீழே இருக்கும் ஆட்கள் போய்விடுவார்கள். அதனால் சுவர் முழுக்க நகர்வை அளக்கும் சென்சார்கள் வைத்திருக்கிறார்கள். அவை அனுப்பும் எண்கள் ஹெலனின் கணினிக்கு வந்துகொண்டே இருக்கும். எண்களை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஒரு மென்பொருள் பள்ளத்தை முப்பரிமாணப் படமாக வரைந்து வைத்திருக்கிறது. எந்த இடம் நகர்ந்ததோ படத்தில் அந்த இடமும் நகரும்; நிறம் நீலத்திலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். அவள் அலுவலகத்தில் ஒருமுறை பார்த்தேன். மலையே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

என் புலம்பல் தாங்காமல் ஹெலன் அதே ஏற்பாட்டை எங்கள் வீட்டுக்குச் செய்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஆறு பெட்டிகள். ஊருக்குப் போன ஒரு நண்பர் கையில் கொடுத்தனுப்பினோம். வீடியோ அழைப்பில் நான் சொல்லச் சொல்ல முருகேசன் மாட்டினான்.

"மூணாவது பெட்டி வாசக்கதவுக்குப் பக்கத்துல, தரையிலேர்ந்து ஏழடி."

"ஏழடிதான் நைனா."

"டேப் வெச்சுக் காட்டு."

"இன்னா நைனா நீ, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாரி பாக்கற." டேப்பைக் காட்டினான். ஏழடி ஒரு அங்குலம். கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். மாட்டினான். ஆறும் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பச்ச லைட்டா எரியுது. செவுரு ஐசியூல படுத்துகினு கீற மாரி கீது" என்றான்.

அக்கா பின்னாலிருந்து, "ஐசியூல நான் வேல செஞ்சவ. அங்க இவ்ளோ பேர் பாக்கமாட்டாங்க" என்றாள்.

வீட்டின் நீள அகலங்களை நான் அங்குலம் பிசகாமல் ஞாபகத்திலிருந்து சொன்னேன். ஹெலன் படத்தை வரைந்தாள். புதிதாக எல்லாம் அமைக்க நேரமில்லை என்று சுரங்கத்துக்குப் போட்டிருந்த அமைப்பையே நகலெடுத்து, பள்ளத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வீட்டை வைத்தாள். பத்து விநாடிக்கு ஒருமுறை ஆறு பெட்டியின் அளவும் வரும், படம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். என் அறையில் பழைய கணினி ஒன்றை மேசைமேல் வைத்துக் கொடுத்தாள்.

"இனிமே அத்தைக்குப் போன் பண்ணி எத்தனை மில்லிமீட்டர்னு கேக்காதீங்கப்பா. நீங்களே பாத்துக்கோங்க" என்றாள்.

4

பார்த்துக்கொண்டேன். காலை நடை, கஞ்சி, மாத்திரை நான்கு, அப்புறம் வீடு. மியா பள்ளிக்கும் ஹெலனும் மருமகனும் வேலைக்கும் போன பிறகு, திரையில் நசரத்பேட்டை வீடும் நானும் மட்டும். இங்கே நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எனக்குச் சாயங்காலம் ஐந்தரை ஆகும்போது அங்கே மத்தியானம் மூன்று.

அந்த மூன்று மணிக்குத்தான் அது நடந்தது. முதல் நாளே மேற்குச் சுவரின் மேல்விளிம்பு வெளிப்பக்கம், பள்ளத்தை நோக்கி, மெல்லச் சாய ஆரம்பித்தது. நிறம் மஞ்சளாகி, மூலை சிவந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் சுவர் நேராக நின்றது. மத்தியானம் மறுபடி சாய்ந்தது. மூன்று நாள் இப்படியே. திரும்பி வருகிறதே என்று எனக்கு ஆறுதல் வரவில்லை. ஆடும் பல் ஞாபகம்தான் வந்தது. போய்ப் போய் வரும் பல் ஒருநாள் வராமலே போய்விடும். நான்காம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாய்வு உச்சத்தில் இருந்தபோது படத்தில் இருந்த கட்டங்களை எண்ணினேன். சுவர் ஒன்றரை அடி வெளியே வந்திருந்தது. கூரை ஒரு பக்கம் தொங்கியது. அந்தத் திரையைப் படம்பிடித்து அக்காவுக்கும் முருகேசனுக்கும் அனுப்பினேன். உடனே வெளியேறுங்கள் என்று எழுதினேன்.

முருகேசன்தான் முதலில் கூப்பிட்டான்.

"நைனா, இன்னா இது, ஊடு குனிஞ்சிகினு கீது? நான் வெளில வந்து பாத்தேன், நேராத்தான் நிக்குது."

"கண்ணுக்குத் தெரியாது முருகேசா. மெஷினுக்குத்தான் தெரியும். அது பொய் சொல்லாது."

அவன் மனைவியிடம் ஏதோ பேசுவது கேட்டது. பிறகு, "என் பொஞ்சாதி படத்தப் பாத்துட்டு அயுவுறா நைனா. கொயந்திங்கள வெச்சிகினு எப்டி இருக்கறது" என்றான். அதிலிருந்து மூன்றாம் நாள் சென்னீர்குப்பத்தில் மச்சான் வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டான். அக்காவையும் கூடவே கூப்பிட்டிருக்கிறான். அவள் போகவில்லை.

அந்த வாரம் அக்காவை நாற்பத்தொரு முறை கூப்பிட்டேன். பூந்தமல்லியில் சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலி என்று நானே விசாரித்து வைத்திருந்தேன்.

"எனக்கு இன்னாடா முதியோர் இல்லம்? நானே ஆஸ்பத்திரில ஆயிரம் முதியோரப் பாத்தவ."

"சுவர் விழுந்தா?"

"விழறப்ப பாத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். என் மனைவி போனபோதுகூட எல்லோர் முன்னாலும் நான் அப்படி அழவில்லை.  அழுது முடிந்ததும் அக்கா, "மூஞ்சி கழுவிக்கோ. நாளைக்குப் போறேன்" என்றாள். மெயின் சுவிட்சை மட்டும் அணைக்காதே, பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டும் என்றேன். சரி என்றாள். சனிக்கிழமை ஒரு பையோடு இல்லத்துக்குப் போய்விட்டாள்.

அதே வாரத்தில் பயண அனுமதிப் படிவத்தையும் அனுப்பினேன். ஆதாரம் கேட்டிருந்தார்கள் அல்லவா, சாய்ந்த வீட்டின் படத்தை இணைத்தேன்.

5

அக்கா இல்லத்துக்குப் போன மறுநாள், ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் மியா ஏதோ சார்ஜர் தேடி என் அறைக்குள் வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். "தாத்தா, வீடு ஏன் உருகுகிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உருகவில்லை, சாய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, "செங்கல் இப்படி வளையாதே" என்றாள். அவள் குரல் கேட்டு ஹெலனும் வந்தாள். என் தோளுக்கு மேலாக இரண்டு விநாடி பார்த்தாள். இரண்டுதான்.

"அப்பா, பெருக்கு எண்ணை மாத்தவே இல்லையா நான்? இது ஐநூறுல இருக்கு."

சுரங்கத்தில் சுவர் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அவர்களுக்குத் தெரியவேண்டும். உள்ளது உள்ளபடி வரைந்தால் அவ்வளவு பெரிய பள்ளத்தில் அது கண்ணுக்குப் படாது. அதனால் நகர்வை மட்டும் ஐந்நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டச் சொல்லி வைத்திருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது தெரியும். நகலெடுத்தபோது அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டது. நிறமும் அப்படித்தான். வந்த அளவுகளில் எது பெரியதோ அதற்குச் சிவப்பு, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும். திரையின் கீழ்மூலையில் சின்ன எழுத்தில் '500' என்று எழுதியே இருக்கிறது. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஒன்றரை அடி, நானூற்று ஐம்பத்தேழு மில்லிமீட்டர். ஐந்நூறால் வகுத்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மொட்டைமாடித் தளம் மத்தியான வெயிலில் விரிந்து சுவரின் மேல்விளிம்பை அவ்வளவு தள்ளுகிறது, வெயில் தாழ்ந்ததும் சுருங்கி இழுத்துக்கொள்கிறது. நம் ஊரில் தளம் போட்ட எந்த வீட்டிலும் தினமும் நடப்பது. ஹெலன் அந்த எண்ணை ஒன்று என்று மாற்றினாள். வீடு நிமிர்ந்து, புகைப்படம்போல் நின்றது.

"சாரிப்பா. என் தப்புதான். அத்தைகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. பதினொரு நாள் சொல்லவில்லை.

ஏன் என்று எனக்கு நானே மூன்று காரணம் வைத்துக்கொண்டேன். ஒன்று, வெட்கம். விகிதம் எழுதாத வரைபடத்தை எத்தனை பேர் முகத்துக்கு நேரே திருப்பி நீட்டியிருப்பேன். இரண்டு, பள்ளம் நிஜம், விரிசல் நிஜம், மழைக்காலம் வரப்போகிறது. எதற்கும் அவள் அங்கேயே இருக்கட்டும். மூன்றாவதுதான் உண்மையான காரணம். அக்கா இல்லத்தில் இருந்த நாட்களில் எனக்குக் கவலை இல்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், நேரத்துக்குச் சாப்பாடு, விழுந்தால் தூக்க ஒருவர். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். மற்ற நேரத்தில் தோட்டத்தில் உட்கார்ந்தேன். ஐந்து வருடத்தில் முதல்முறையாக இந்த ஊரில் என்னென்ன பறவை கத்துகிறது என்று கேட்டேன். நான்கு வகை.

அவள் அங்கே எப்படி இருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். அறைக்கு நான்கு கட்டில். விடிவதற்கு முன்பே மணி அடித்து ஜெபத்துக்கு எழுப்புகிறார்கள். டீயில் சர்க்கரை தானே போட்டுக்கொள்ளக்கூடாது. "பக்கத்துக் கட்டில் அம்மா என்ன ஆயான்னு நெனச்சிகினு தண்ணி கேக்குது. எடுத்துக் குடுக்கறேன். இன்னா பண்றது" என்றாள் ஒரு நாள். குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் நோயாளிகளின் கட்டில்களுக்கு நடுவே நடந்துவிட்டுத் தன் வீட்டில் தனியாகப் படுக்கவேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டவள். என் படம் அவளைத் திரும்பவும் கட்டில்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்திருந்தது.

குடிவரவு அலுவலகத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் அனுப்பினேன். 'இணைத்துள்ள படத்தில் உள்ள வீடு உண்மையில் சாயவில்லை. தயவுசெய்து ஐந்நூறால் வகுத்துப் பார்க்கவும்.' பதில் இன்னும் வரவில்லை. முன்பின் தெரியாத அதிகாரிக்கு எழுத முடிந்தது. அக்காவுக்குச் சொல்ல முடியவில்லை.

6

நேற்று கேக் வெட்டும்போது ஹெலன் கேட்டாள், "அத்தை வீட்டுக்குத் திரும்பிட்டாங்கல்ல?"

என் கையில் தட்டு இருந்தது. "இன்னும் இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. அதற்குள் போன் அடித்தது. அக்காதான். நான் இங்கே வந்த நாளை ஞாபகம் வைத்துக் கூப்பிடுகிறாள். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணிக்கொடிக்கு அருகே போனேன்.

"அஞ்சி வருசம் ஆயிடிச்சில்ல" என்றாள்.

"ஆயிடுச்சு."

"செவுரு எப்டி கீது?"

தினமும் கேட்பாள். தினமும் "அப்படியேதான்" என்பேன். நேற்று சொல்லிவிட்டேன். பெருக்கு எண், சுரங்கம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, எல்லாவற்றையும் வரிசையாக. பதினொரு நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன்.  கொடியில் இருந்த கிளிப்புகளை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன்.

"பேப்பர் கிழியலடா" என்றாள்.

"எந்தப் பேப்பர்?"

"விரிசல் மேல ஒட்னது."

நசரத்பேட்டைப் பக்கம் எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் செய்யச் சொல்வார். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய காகிதத்தை மைதாப் பசை போட்டு ஒட்டி, தேதி எழுதிவை. சுவர் நகர்ந்தால் காகிதம் கிழியும். எனக்கும் தெரிந்த விஷயம்தான். மறந்துவிட்டிருந்தேன். அக்கா மறக்கவில்லை. விரிசல் கிளம்பிய வாரமே பைபிள் வசனக் காலண்டரின் தாளைக் கிழித்து நான்கு இடத்தில் ஒட்டியிருக்கிறாள். என்னிடம் சொன்னால் தாளின் பருமன் என்ன என்று கேட்பேன் என்று சொல்லவில்லையாம்.

"மத்தியானத்துல கொஞ்சம் விறைச்சிக்கும். ஆனா கிழியல. நாலும் அப்டியே கீது. முருகேசங்கிட்டயும் காட்னேன். அவன் நம்புனான், அவன் பொஞ்சாதி நம்பல. உன் படம் கலர்ல இருந்துதில்ல."

"அப்ப தெரிஞ்சே ஏன் போனே?"

"நீ அயுத."

கொடியிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

"ஒனக்கு எவ்ளோ பிரஷருன்னு எனக்குத் தெரியும். அவ்ளோ தூரத்துல இருந்துகினு, ஒரு நாளைக்கு எட்டு வாட்டி, பத்து வாட்டி. எனக்கு செவுரப் பத்தி பயம் இல்ல. ஒன்னப் பத்திதான் பயம். அந்தப் பொட்டிய எனக்கு மாட்னதுக்கு பதிலா ஒனக்கு மாட்டியிருக்கணும்." பிறகு கேட்டாள், "இப்ப நான் ஊட்டுக்குப் போவட்டா?"

அனுமதி கேட்டாள். எனக்கு நான்கு வயது மூத்தவள், சொந்த வீட்டுக்குப் போக என்னிடம் கேட்டாள். இந்த நாட்டை விட்டுப் போய் வர நான் எழுதிக் கேட்டுக் காத்திருக்கிறேனே, அதே குரலில்.

"போக்கா" என்றேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன் முருகேசனுக்கும் போன் செய்து சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவால்ல நைனா. மெஷின்னா அப்டி இப்டித்தான். ஆனா நாங்க திரும்பி வர முடியாது. பசங்கள இங்க ஸ்கூல்ல போட்டாச்சி. அதுங்க செட்டாயிடுச்சிங்க. அக்காவ நாளைக்கி நானே வண்டில இட்டுகினு போயி வுட்றேன், ஆனா அப்பப்பதான் வந்து பாக்க முடியும்."

ஒன்பது வருடம் அக்காவின் சுவருக்கு அந்தப் பக்கம் மனிதச் சத்தம் இருந்தது. இனி இல்லை. இதற்குப் பெருக்கு எண் ஏதும் கிடையாது. உள்ளது உள்ளபடி இவ்வளவு.

7

இன்று வெள்ளிக்கிழமை. அக்கா அங்கே காலை பத்து மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாள். இங்கே பன்னிரண்டரை. பன்னிரண்டு மணிக்கே திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

பெருக்கு எண் ஒன்றில் இருந்தது. வீடு அசையாமல் நின்றது. கீழே ஆறு பெட்டிக்கும் ஆறு கோடுகள் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தன. ஆள் இல்லாத வீட்டின் கோடுகள் எப்படி இருக்கும் என்று இந்தப் பதினொரு நாளில் எனக்கு மனப்பாடம். வெயிலோடு மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், மற்றபடி நூல் பிடித்தாற்போல் இருக்கும். ஆட்கள் இருந்த நாட்களில் அவற்றில் சின்னச் சின்ன முள் முளைத்துக்கொண்டே இருந்தது. அப்போது அதைப் பார்த்து இரைச்சல் என்று ஒதுக்கினேன். அளக்கும் வேலையில் தேவையில்லாத அசைவுக்கு அதுதான் பெயர்.

ஒரு மணி ஆனது. ஒன்று இருபது. இல்லத்தில் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்கள், பூந்தமல்லி பஸ் நிலையத்தின் அருகே நெரிசலாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மூன்று முறை.

ஒன்று முப்பத்து நான்குக்கு மூன்றாவது கோட்டில் ஒரு முள் எழுந்தது. வாசக்கதவுக்குப் பக்கத்துப் பெட்டி. அந்தக் கதவு மழையில் உப்பி, தோளால் இடித்தால்தான் திறக்கும். பத்து விநாடி கழித்து இன்னொன்று. இரண்டாம் இடி. பிறகு இரண்டாவது பெட்டி, ஜன்னல் தாழ்ப்பாள். நாலாவது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஐந்தாவது, சமையலறைப் பக்கம். என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. அலமாரியாக இருக்கலாம்.

படத்தில் எதுவும் தெரியவில்லை. வீடு சிலை மாதிரி நின்றது.

கீழ்மூலைக்குப் போய் எண்ணை ஐந்நூறு ஆக்கினேன். முதலில் ஒரு காகிதத்தில் '500 மடங்கு' என்று பெரிதாக எழுதித் திரையின் கீழே ஒட்டிவிட்டுத்தான் செய்தேன். வீடு அசைந்தது. சமையலறைச் சுவர் ஒருமுறை துள்ளி அடங்கியது, அப்புறம் நடுச்சுவர், அப்புறம் ஜன்னல் பக்கம். அங்கே சற்று நின்றது. அந்த ஜன்னலின் மேல்மூலையில்தான் விரிசல். தாள்களைப் பார்க்கிறாள் போலிருக்கிறது. பிறகு மறுபடி சமையலறை.

மழைக்காலம் வரும். பள்ளம் அங்கேயே இருக்கிறது. பின்பக்கம் காலி. இவற்றில் எதுவும் சரியாகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசன் நாலரைக்குச் செய்தி அனுப்பினான், அக்காவை விட்டுவிட்டேன் என்று. அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஐந்தரை மணிக்குச் சுவர் வழக்கம்போல் ஒன்றரை அடி வெளியே சாய்ந்து சிவந்தது. அதையும் பார்த்தேன். அதற்குள் வீடு நாற்பத்தேழு முறை அசைந்திருந்தது.